‘ஹை ஸ்பீட் இன்டர்நேஷனல் ட்ரெயின்’: தமிழில் என்ன போடலாம்? (வெள்ளிக்குள் வேண்டும்)

மா. (பாரிஸ்) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வரும் அம்மா அப்பாமாருக்காக ஒரு சின்னக் கையேடு தயாரிக்கிறோம். பாரிசிலிருந்து லண்டன், பிரசல்ஸ், கொலோன், ஆம்ஸ்டர்டாம் போகும் ரயில்களில் துணையில்லாமல் ஏறி இறங்குவது எப்படி என்பதுதான் உள்ளடக்கம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தலைப்பில் ‘சர்வதேச அதிவேகப் புகையிரதம்’ என்று போட்டிருந்தேன், படித்த மகள் “புகை எங்கேயம்மா?” என்று கேட்டுவிட்டாள்.

லண்டன் வண்டியின் பெயரான ‘யூரோஸ்டார்’ என்றே போட்டுவிட்டுப் போகலாமே என்பீர்கள். முடியாது. 2023 இல் தாலிஸ் என்ற பெயரை எடுத்துவிட்டு, கொலோன், ஆம்ஸ்டர்டாம் பக்கம் போகும் சிவப்பு வண்டிகளுக்கும் யூரோஸ்டார் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் பாரிசின் கார் து நோர் ரயில் நிலையத்தில் லண்டன் வண்டிக்கு மாடிக்குப் போய், பிரெஞ்சுக்காரர் ஒரு தடவை, பிரிட்டிஷ்காரர் ஒரு தடவை கடவுச்சீட்டைப் பார்த்த பிறகே ஏறலாம். பிரசல்ஸ் வண்டிக்கு அந்த வரிசை கிடையாது. ஷெங்கன் விசாவை (பிரான்ஸ் முதலிய ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) மட்டும் வைத்துக்கொண்டு வந்தவர் லண்டன் வண்டியில் ஏறவே முடியாது, பிரிட்டிஷ் விசா தனியாக வேண்டும். ஒருமுறை நுழைவுக்கான ஷெங்கன் விசா என்றால், லண்டன் போனவர் அதே விசாவில் பாரிசுக்குத் திரும்பவும் முடியாது. ஆகவே பொதுப்பெயர் ஒன்று வேண்டும், அதன் கீழே லண்டனுக்கு ஒரு பகுதி, மற்ற ஊர்களுக்கு ஒரு பகுதி. உதவுங்கள்.

சு. (சென்னை) எழுதியது:

அதிவேக ரயில். இதில் யோசிக்க என்ன இருக்கிறது அக்கா? செய்தித்தாளில் தினமும் அதைத்தான் போடுகிறோம், யாரும் அகராதி தேடிப் போவதில்லை. ஒன்று மட்டும் கவனம்: ‘அதிவிரைவு’ என்று மாற்றிவிடாதீர்கள். அது இங்கே சூப்பர்ஃபாஸ்ட் வண்டிக்குப் போன சொல். சராசரி மணிக்கு 55 கிலோமீட்டர் வந்தாலே எங்களூரில் அதிவிரைவுதான், தனிக் கட்டணமும் உண்டு.

இரா. (தஞ்சாவூர்) எழுதியது:

அன்பர்களே, ‘அதி’ வடசொல், ‘வேகம்’ வடசொல், ‘ரயில்’ ஆங்கிலம். மூன்றில் ஒன்றாவது தமிழாக இருக்க வேண்டாமா? விரைவைக் குறிக்க நம்மிடம் சொல்லுக்கா பஞ்சம்? ‘கதழ்வும் துனைவும் விரைவின் பொருள’ என்று தொல்காப்பியத்தின் உரியியல் எடுத்துக் கொடுத்துவிட்டது. ‘துனை’யை எடுங்கள். தேருக்கும் குதிரைக்கும் அடையாக நின்ற சொல், வண்டிக்கு வரத் தயங்காது. தொடருந்து என்ற சொல் ஏற்கெனவே புழங்குகிறது. அதே போல் துனை + உந்து, ஐகாரத்தின் பின் யகர உடம்படுமெய் வந்து ‘துனையுந்து’. பேருந்து, சிற்றுந்து, தொடருந்து, துனையுந்து என்று ஒரு குடும்பமாகவே அமைந்துவிடும். இங்கே ‘உந்து’ என்பது முதனிலைத் தொழிலாகுபெயர் என்பதையும் மறக்கக் கூடாது, பலர் அதை வினைத்தொகை என்று...

(பின்பாதியைச் சுருக்கிவிட்டேன், ஐயா மன்னிக்க. மடல் நீளம் கருதி. மா.)

கு. (லண்டன்) எழுதியது:

புலவர் ஐயா, சொல் அழகுதான். ஆனால் இதைப் படிக்கப் போகிறவர்களில் பாதிப்பேர் ‘துணையுந்து’ என்றுதான் வாசிப்பார்கள். பிரதான வண்டி போய்விட்டது, இது துணைக்கு விட்ட வண்டி போலிருக்கிறது என்று மேடையிலேயே உட்கார்ந்துவிடுவார்கள்.

எங்களுக்குப் புதுச்சொல் எதற்கு? இலங்கையில் எக்ஸ்பிரஸ் வண்டிக்குச் சொல்லும் ‘கடுகதி’ இருக்கிறதே! கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஓடும் யாழ்தேவி ரயிலில் போய் வந்த தலைமுறைக்குக் கடுகதி என்றால் உடனே புரியும். நகர்சேர் கடுகதி என்று இலங்கையில் இன்றும் சொல்கிறார்கள். இது ஒரு நகரத்தையும் இன்னொரு நகரத்தையும் சேர்க்கிற வண்டி, சொல்லும் அதையே சொல்கிறது. வேறென்ன வேண்டும்?

இரா. எழுதியது:

‘கடு’ தமிழ், கடுகி வருதல் என்பது உண்டு, கடுமான் என்றால் விரைந்தோடும் குதிரை. ஆனால் ‘கதி’? பாதிதான் நம்முடையது. வேண்டுமானால் ‘கடி’ என்று கொள்ளலாம். உரியியலில் கடி என்ற சொல்லுக்குப் பத்துப் பொருள். அதில் விரைவும் உண்டு, காப்பும் உண்டு, அச்சமும் உண்டு. விரைந்தும் போகிறது, ஏறுமுன் காவலர் சோதனையும் இருக்கிறது என்று மா. அம்மையார் எழுதியதைப் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது. ‘கடியுந்து’.

சு. எழுதியது:

ஐயா, தயவுசெய்து வேண்டாம். ‘கடி’ என்றால் இங்கே நாய், கொசு, அப்புறம் மொக்கை ஜோக்.

ஜெ. (கொலோன்) எழுதியது:

ரயில் மின்சாரப் பக்கம் வேலை பார்ப்பவன் என்ற முறையில் ஒரு சொல். ‘அதிவேகம்’ என்பது இங்கே வெறும் புகழ்ச்சி இல்லை, அளவு வைத்திருக்கிறார்கள். 1996 இல் வந்த ஐரோப்பிய ஒன்றிய ஆணைப்படி புதிதாகப் போட்ட பாதை என்றால் மணிக்கு 250 கிலோமீட்டரும் அதற்கு மேலும், பழைய பாதையைத் திருத்தியது என்றால் 200 அளவிலும் ஓட வசதி இருக்க வேண்டும். வண்டியை மட்டும் பார்த்துச் சொல்வதில்லை, பாதைக்கும் அந்தத் தகுதி வேண்டும். லண்டன் வண்டி பிரான்சில் 300 இல் போகும், கடலுக்கு அடியில் சுரங்கத்துக்குள் 160 தான். 2024 டிசம்பரில் பாரிஸிலிருந்து பெர்லினுக்கு நேர் வண்டி விட்டார்கள், பிரெஞ்சுப் பாதையில் பறக்கும் அதே வண்டி, ஆனாலும் போய்ச்சேர எட்டு மணிநேரம் அளவில் ஆகிறது. ஜெர்மனிக்குள் வந்தபின் பல இடங்களில் பழைய பாதை, அதிலேயே மற்ற வண்டிகளும் ஓடுகின்றன.

உண்மையில் இந்த வண்டிகளின் கெட்டித்தனம் வேகத்தில் இல்லை, ‘பன்னாட்டு’ என்ற பாதியில்தான் இருக்கிறது. பிரான்சின் அதிவேகப் பாதையில் 25,000 வோல்ட் ஆடலோட்டம் (ஏ.சி.). பெல்ஜியத்தின் பழைய பாதையில் 3,000 வோல்ட் நேரோட்டம் (டி.சி.), நெதர்லாந்தின் பழைய பாதையில் 1,500. எல்லை நகரான ஆகன் வந்து ஜெர்மனிக்குள் நுழைந்தால் 15,000 வோல்ட் ஆடலோட்டம், அதுவும் 50 ஹெர்ட்ஸ் இல்லை, 16.7. கொலோன் வரை வரும் சிவப்பு வண்டி இந்த நான்கிலும் ஓடக் கூடியது. சைகை முறையும் நாட்டுக்கு நாடு வேறு, அதற்கான கருவிகள் எல்லாம் ஒரே ஓட்டுநர் அறைக்குள். எனவே என் பரிந்துரை ‘பன்மின் விரைவு வண்டி’.

சு. எழுதியது:

பன்மின்? பல மீன் என்று படித்தேன் தம்பி. மற்றபடி, ‘ஆடலோட்டம்’ என்ன அருமையான சொல்! இங்கே பாடநூலில் மாறுதிசை மின்னோட்டம் என்று மூச்சு வாங்க எழுதிக்கொண்டிருக்கிறோம். இது யார் போட்டது?

ஜெ. எழுதியது:

இலங்கைப் பாடப்புத்தகத்தில் படித்தது. நேரோட்டம், ஆடலோட்டம். யார் ஆக்கியது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

இரா. எழுதியது:

ஆடல் என்பதற்கு அசைதல் என்ற பொருள் பழையது. ஊசலாடல், கொடியாடல். இருபுறமும் மாறிமாறிச் செல்வதை ஒரே சொல்லில் அடக்கியிருக்கிறார்கள். ஆக்கியவர் இலக்கணம் தெரிந்தவராகத்தான் இருப்பார். இப்படிப்பட்ட ஆட்கள் இருந்த இடத்திலிருந்து ‘கடுகதி’யும் வந்ததென்றால் வியப்பாகத்தான் இருக்கிறது.

கு. எழுதியது:

ஐயா, இது குத்தலா, பாராட்டா?

மா. எழுதியது:

ஓட்டம் போதும், வண்டிக்கு வாருங்கள். ‘இன்டர்நேஷனல்’ என்பதற்கு என்ன செய்வது? சர்வதேச, பன்னாட்டு, அனைத்துலக. மூன்றுமே ஐ.நா. சபைக் கூட்டத்துக்குப் போகிற மாதிரி இருக்கின்றன. பாரிஸ் ஏறி பிரசல்ஸ் இறங்க 1 மணி 22 நிமிடம், அதற்கு அனைத்துலகமா?

கு. எழுதியது:

‘நாடு கடக்கும் கடுகதி’. ஓசையும் நன்றாக விழுகிறது.

மா. எழுதியது:

ஓசை நன்று. ஆனால் அகதி வழக்கு முடிவுக்காகக் காத்திருக்கும் வீடுகளுக்கும் இந்தக் கையேடு போகும். ‘நாடு கட’ என்று தொடங்கும் எந்தச் சொல்லையும் அவர்கள் நிம்மதியாகப் படிக்க மாட்டார்கள். அச்சில் ஓரெழுத்து தவறினால் ‘நாடு கடத்தும் கடுகதி’. என்னால் முடியாது.

சு. எழுதியது:

‘எல்லை தாண்டும்’ என்று யாராவது சொல்வதற்குள் சொல்லிவிடுகிறேன், அதுவும் வேண்டாம். எல்லை தாண்டியதாக மீனவர் கைது என்று வாரம் தவறாமல் தலைப்பு போடுகிற கை இது.

ஜெ. எழுதியது:

அப்படியே ‘எல்லை’ என்ற சொல்லை வைத்தாலும் குழப்பம்தான். பெல்ஜியத்துக்கும் ஜெர்மனிக்கும் நடுவில் வண்டி நிற்பதுகூட இல்லை, எப்போது நாடு மாறியது என்றே தெரியாது. லண்டனுக்கு மட்டும்தான் எல்லை, அதுவும் ஏறுமுன்பே நிலையத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஆனால் அக்கா, இதைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்: கொலோன் பக்கம் வருகிறவர்களும் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். நடுவில் பொலிஸ் ஏறிப் பார்ப்பதுண்டு. ‘சோதனை இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள், ‘ஏறுமுன் சோதனை இல்லை’ என்று எழுதுங்கள்.

மா. எழுதியது:

சேர்த்துவிட்டேன், நன்றி. இதற்கு மேல் தள்ள முடியாது, அச்சகத்திலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். அட்டையில் ‘பாரிசிலிருந்து அண்டை நாட்டு நகரங்களுக்கு: அதிவேக ரயில் கையேடு’. நகரங்கள் எவை என்று அடுத்த வரியிலேயே வருவதால் சர்வதேசமும் இல்லை, பன்னாடும் இல்லை. உள்ளே முதல் பக்கத்தில் மட்டும் ‘அதிவேக ரயில் (கடுகதி)’ என்று ஒருமுறை. இதை எதிர்ப்பவர்கள் இன்று மாலைக்குள் சொல்லுங்கள்.

சு. எழுதியது:

சரி. நான் முதல் மடலிலேயே சொன்னது.

இரா. எழுதியது:

காலக்கெடு கருதி ஒதுங்குகிறேன், ஒப்புக்கொண்டதாகக் கொள்ள வேண்டாம். இரண்டாம் பதிப்பு வந்தால் ‘துனையுந்து’ பற்றி ஓர் அடிக்குறிப்பாவது இடம்பெற வேண்டும். மூன்று சுழியா இரண்டு சுழியா என்ற குழப்பத்துக்குச் சொல்லைக் கைவிடுவது முறையல்ல, வாசிக்கக் கற்றுக்கொடுப்பதே முறை. இதைப் பற்றி விரிவாகத் தனி மடல் எழுதுவேன்.

கு. எழுதியது:

கடுகதியை அடைப்புக்குள் போட்டு முதல் பக்கத்தோடு அனுப்பிவிட்டீர்கள், பார்த்தேன். லண்டனுக்கு இருபது பிரதி அனுப்புங்கள் அக்கா. அட்டையில் நானே பேனாவால் எழுதிக் கொடுத்துக்கொள்கிறேன்.