மறு: மெத்தையின் ‘ஃபர்ம்னஸ்’: தமிழில் என்ன சொல்வது? (அவசரம்)

அன்பர்களே, வணக்கம்.

மெத்தை தேர்ந்தெடுக்கும் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். நாளை காலைக்குள் கொடுத்தாக வேண்டும். ‘ஃபர்ம்னஸ்’ (படுக்கும்போது மெத்தை எவ்வளவு அமுங்காமல் நிற்கிறது என்பது) என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ஒருக்களித்துப் படுப்பவருக்கு அது குறைவாக இருக்க வேண்டும். தோளும் இடுப்பும் கொஞ்சம் புதைந்தால்தான் முதுகெலும்பு நேராக இருக்கும். குப்புறப் படுப்பவருக்குக் கூடுதலாக வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பு அமுங்கி முதுகு வளைந்துவிடும். மல்லாந்து படுப்பவருக்கு இடைப்பட்டது. இதெல்லாம் தமிழில் சுலபமாக வந்துவிட்டது. தலைச்சொல்தான் வர மறுக்கிறது. இப்போதைக்குக் ‘கடினத்தன்மை’ என்று போட்டிருக்கிறேன். படித்தால் பாறைமேல் படுக்கச் சொல்வதுபோல் இருக்கிறது.

———

கடினத்தன்மை வேண்டாம். நான் வகுப்பில் நடத்தும் இயற்பியலில் அது கீறலைத் தாங்கும் பண்பு. மோசு அளவுகோலில் டால்க் 1, வைரம் 10. மெத்தையை யாரும் கீறிப் பார்த்து வாங்குவதில்லை.

நுரைமெத்தைக்கு அளப்பது வேறு. வட்டத் தகடு ஒன்றை வைத்து அழுத்தி, நுரைத்துண்டு தன் தடிமனில் 25 விழுக்காடு அமுங்க எவ்வளவு விசை தேவை என்று பார்ப்பார்கள். எனவே ‘அமுங்குதடை’ என்பது என் பரிந்துரை. அடர்த்தி என்றும் எழுதிவிடாதீர்கள். அது ஒரு கனமீட்டருக்கு எத்தனை கிலோ என்ற கணக்கு. அடர்த்தி மிகுந்த நுரையும் தொட்டால் மிருதுவாக இருக்கலாம்.

———

> எனவே ‘அமுங்குதடை’

இது வினைத்தொகை. அமுங்கிய தடை, அமுங்குகின்ற தடை, அமுங்கும் தடை என்று விரியும். தடையே அமுங்கிப்போனால் அப்புறம் மெத்தை எதற்கு?

சொல் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. நுண் என்பதிலிருந்து நுட்பம், ஒண் என்பதிலிருந்து ஒட்பம், திண் என்பதிலிருந்து திட்பம். வள்ளுவர் ‘வினைத்திட்பம்’ என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். ‘தொழில்நுட்பம்’ என்று சொல்லிப் பழகிய வாய்க்கு ‘மெத்தைத்திட்பம்’ வராதா? ‘திண்மை’யை நானே தவிர்க்கிறேன். ‘கற்பென்னும் திண்மை’ என்று படித்தவர்கள் அதை மெத்தைக் கடையில் பார்த்தால் நன்றாக இராது.

இன்னொன்று. ‘மெத்தை’ என்ற சொல்லே மெத்தென்று இருப்பதால் வந்தது. திருப்பாவையின் ‘மெத்தென்ற பஞ்சசயன’த்துக்கு உரைகாரர்கள் சொல்லும் ஐந்து குணங்கள் அழகு, குளிர்ச்சி, மென்மை, மணம், வெண்மை. திட்பம் அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஆகவே திட்பமான மெத்தை என்பதே ஒரு முரண்தொடர் என்பதையும் கையேட்டில் ஓர் அடிக்குறிப்பாகச் சேர்க்கலாம்.

———

ஐயா, அடிக்குறிப்புக்கு அவருக்கு நேரம் இல்லை. திட்பத்தைத் தட்பம் என்று படித்துவிட்டு, இது சூடேறாத மெத்தை போலிருக்கிறது என்று வாங்குவார்கள்.

நான் இயன்முறை மருத்துவர். முதுகுவலியோடு வருபவர்கள் ‘ஃபர்ம்னஸ்’ என்றும் கேட்பதில்லை, திட்பம் என்றும் கேட்பதில்லை. ‘கெட்டியான மெத்தையில் படுக்கவா?’ என்றுதான் கேட்கிறார்கள்.

தம்பிக்கு ஒரு வேண்டுகோள்: ‘உறுதி’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். உறுதி நம் மொழியில் பாராட்டுச் சொல். உறுதி கூடக்கூட முதுகுக்கு நல்லது என்று நினைத்துக்கொள்வார்கள். அது உண்மையல்ல. நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 313 பேரை இரு பிரிவாக்கி 90 நாள் படுக்கவைத்துப் பார்த்த ஆய்வு 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மிகக் கெட்டியானதைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான் வலி அதிகம் குறைந்தது. ‘சப்போர்ட்’ என்பது வேறு. அதற்குத் ‘தாங்குதிறன்’ இருக்கட்டும். மென்மையான மெத்தையும் நன்றாகத் தாங்கலாம்.

எடையையும் மறக்க வேண்டாம். ஒல்லியானவருக்குக் கெட்டியாகத் தெரியும் அதே மெத்தை எடை கூடியவருக்குக் குழைவாகத் தெரியும். அதனால் நீங்கள் எந்தச் சொல்லைப் போட்டாலும் அது படுப்பவரைப் பொறுத்தது என்று ஒரு வரி எழுதுங்கள்.

எண்ணைப் போடும்போதும் கவனம். கடைகளில் புழங்கும் அளவில் 10 என்றால் மிகக் கெட்டி. நான் சொன்ன ஆய்வு எடுத்துக்கொண்ட ஐரோப்பிய அளவில் 1தான் மிகக் கெட்டி, 10 மிக மென்மை. அங்கே கெட்டி மெத்தை 2.3, நடுத்தரம் 5.6.

———

கெட்டி தமிழ்தானா? தெலுங்கிலும் கன்னடத்திலும் ‘கட்டி’ என்று இருக்கிறதே. உறவா, கடனா என்று தெளிவாகும்வரை அதைக் கலைச்சொல் ஆக்கக் கூடாது.

எழுத்திலக்கணமே வழி காட்டுகிறது. வல்லினம், இடையினம், மெல்லினம். அதேபோல் வன்மெத்தை, இடைமெத்தை, மென்மெத்தை. பண்பின் பெயர் வன்மை. முடிந்தது.

———

> இடைமெத்தை

இடை என்றால் இடுப்பு. இடுப்புக்கு மட்டும் போடும் மெத்தை என்று நினைப்பார்கள். (குப்புறப் படுப்பவருக்கு அதுவும் உதவும்தான்.) ‘வன்மை’ என்றவுடன் வன்முறை நினைவுக்கு வருகிறது. தூக்கம் போய்விடும்.

———

எல்லோருக்கும் நன்றி. மணி ஒன்றரை. என் கணக்கில் கெட்டித்தன்மைக்கு நான்கு பேர் (தனிமடலில் வந்த இருவரையும் சேர்த்து), வன்மைக்கு ஒருவர், திட்பத்துக்கு ஒருவர். தலைப்பில் ‘கெட்டித்தன்மை’, அட்டவணையில் ‘மென்மை, நடுத்தரம், கெட்டி’ என்று போட்டுவிடுகிறேன். அட்டவணைக்குக் கீழே ‘எண் கூடக்கூடக் கெட்டி கூடும்; ஆனால் நல்லது கூடும் என்று பொருளில்லை’ என்று எழுதியிருக்கிறேன். அக்கா சொன்ன எடை விஷயமும் சேர்ந்துவிட்டது.

———

சரி, பெரும்பான்மை வெல்லட்டும். ஆனால் என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ‘கெட்டி’ என்றால் கெட்டிக்காரன் என்றும் பொருள். நாளைக்கு மெத்தைக்குச் சாமர்த்தியம் அதிகம் என்று ஒருவர் புரிந்துகொண்டால் நான் பொறுப்பல்ல. அமுங்குதடைக்கு ஒரு வாக்குகூட விழாததில் மட்டும் எனக்கு நிறைவு.

———

அதற்கு நான் போட்டிருந்தேன். மறுபடி எண்ணிப் பாருங்கள்.