அம்மாபேட்டையிலிருந்து சூரமங்கலம் வரை தினமும் ஓட்ட, 10,000 ரூபாய்க்குள் எந்த சைக்கிள்?

தறிவீதி:

வணக்கம்ங்க. வீடு அம்மாபேட்டை, வேலை சூரமங்கலத்துல. பழைய பஸ் ஸ்டாண்ட், நாலு ரோடு, ஐந்து ரோடு, ஜங்ஷன் வழியா போனா ஒரு பக்கம் ஏழெட்டு கிலோமீட்டர் வருது. பஸ்ஸை விட்டுட்டு சைக்கிள்ல போகலாம்னு இருக்கேன். உயரம் 5 அடி 6 அங்குலம், எடை 82 கிலோ. லேப்டாப், டிபன் பாக்ஸ், தண்ணி பாட்டில் எல்லாம் சேர்த்து 5 கிலோ பை. திரும்பி வர ராத்திரி 8 மணி ஆகும். ஆபீஸ்ல வண்டி வெயில்லதான் நிக்கும், கூரை கிடையாது.

கடையில மூணு வண்டி காட்டினாங்க. ஒண்ணு 21 கியர், முன்னாடி ஷாக், ரெண்டு பக்கமும் டிஸ்க், 9,500 ரூபாய். அடுத்தது கியர் இல்லாத 26 இஞ்ச் வண்டி, ரிம்மை ரெண்டு பக்கமும் பிடிக்கிற வி பிரேக், 7,000. மூணாவது 28 இஞ்ச் கறுப்பு சைக்கிள், அதுவும் கிட்டத்தட்ட அதே விலை. லைட், பூட்டு சேர்த்து 10,000-க்குள்ள முடியணும். எதை எடுக்கலாம்? எடுக்கறப்ப என்னென்ன பார்க்கணும்?

போக்ஸ்கம்பி:

அந்த 21 கியர் வண்டியை விட்டுடுங்க. ஷாக், டிஸ்க், கியர் மூணையும் 9,500-க்குக் குடுக்கணும்னா எங்கயாவது காசைக் குறைச்சே ஆகணும். குறையுறது ஹப் (சக்கரத்தோட நடு உருளை), ரிம் (வெளி வளையம்), போக்ஸ் கம்பி, பிபி ஆக்சில் (பெடல் ரெண்டையும் இணைக்கிற நடு அச்சு) இதுலதான். தினம் ஓடுற வண்டிக்கு எது முக்கியமோ அதுல கை வச்சிருப்பாங்க. அந்த விலையில ஷாக்குன்னா வெறும் ஸ்பிரிங்தான். நின்னு மிதிச்சா பலத்துல கொஞ்சம் ஸ்பிரிங்கை அமுக்கறதுக்கே போயிடும், எடையும் கூடும். உள்ள மழைத்தண்ணி போய் புஷ் தேஞ்சா ஹேண்டில்பார் கடகடன்னு ஆடும். அப்ப மாத்தலாம்னு போனா தனி பார்ட் கிடைக்காது, முழு ஃபோர்க்கைத்தான் (முன் சக்கரத்தைப் பிடிக்கிற கவட்டை) வாங்கணும்.

உங்க எடைக்கு இன்னொரு விஷயம் இருக்கு. திருகி மாட்டுற 7 பல்சக்கர ப்ரீவீல் (செயின் ஓடுற பின் பல்சக்கரத் தொகுதி) இருக்கிற பின் ஹப்ல, வலது பக்க பால்ரஸ் (குண்டு பேரிங்) ப்ரீவீலுக்கு உள்பக்கமா தள்ளி உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து பிரேம் வரைக்கும் ஒரு அங்குலத்துக்கு மேல ஆக்சிலுக்குத் தாங்கலே கிடையாது. 82 கிலோ ஆளும் 5 கிலோ பையுமா பள்ளத்துல இறங்கினா ஆக்சில் அந்த இடத்துலதான் வளையும். கொஞ்ச நாள் சக்கரம் பிரேக்குல உரசும், அப்புறம் ஒருநாள் ஒடிஞ்சிடும். சிங்கிள் ஸ்பீட் ஹப்ல அந்த இடைவெளி ரொம்பக் கம்மி.

அதனால ரெண்டாவது வண்டிதான். ஆனா மூணு விஷயம் பார்த்துட்டு எடுங்க. ரிம் அலுமினியமா இருக்கணும், ஃபோர்க் ஷாக் இல்லாத கட்டி ஃபோர்க்கா இருக்கணும், பின் சக்கரத்துல 36 போக்ஸ் இருந்தா நல்லது. ரிம்முல காந்தம் வச்சுப் பாருங்க, ஒட்டினா இரும்பு. இரும்பு ரிம்முக்கு குரோம் பூசியிருப்பாங்க. அது நனைஞ்சா பிரேக் கட்டை வழுக்கும், நிக்க வேண்டிய தூரம் பல மடங்கு நீளும். ஐப்பசி மழையில சாயங்காலம் ஐந்து ரோட்டுல பஸ்ஸுக்குப் பின்னாடி போறப்பதான் அதோட விலை தெரியும். 28 இஞ்ச் கறுப்பு வண்டியை நான் வேணாம்னு சொல்றதுக்குக் காரணமும் இதுதான், குரோம் ரிம்மும் கம்பி பிரேக்கும். மத்தபடி அது கெட்டியான வண்டி. பெரிய சக்கரம்ங்கிறதால குழியில சுகமா இறங்கி ஏறும், பார்ட்ஸ் எந்தத் தெருவுலயும் கிடைக்கும். பகல்ல மட்டும், மழை இல்லாத நாள்ல மட்டும், சரக்கு ஏத்திட்டுப் போறவங்களுக்கு அதைவிட நல்லது இல்ல.

கியர் இல்லையேன்னு கவலைப்படாதீங்க. உங்க வழியில பெரிய ஏத்தம் கிடையாது. ஐந்து ரோட்டுல ஈரடுக்கு மேம்பாலத்துல ஏறாம கீழ் ரோட்டுலயே போங்க. முன்னாடி 44 பல், பின்னாடி 18 பல்லுன்னா 26 இஞ்ச் வண்டி ஒரு சுத்து மிதிக்கு 5 மீட்டர் போகும். நிமிஷத்துக்கு 60 சுத்து மிதிச்சா மணிக்கு 18 கிலோமீட்டர், சிக்னலோட சேர்த்து அரை மணியில ஆபீஸ். முட்டி வலிச்சா, கிளம்பறப்ப கனமா இருந்தா, 20 பல் ப்ரீவீல் போடச் சொல்லுங்க. பத்துல ஒரு பங்கு லேசாகும். பெரும்பாலும் பழைய செயினே போதும், சக்கரம் கால் அங்குலம் முன்னாடி நகரும், அவ்வளவுதான்.

குகைக்காரன்:

அண்ணன் சொன்ன தேர்வு சரி. அளவைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதைச் சேர்க்கிறேன்.

5 அடி 6 அங்குலத்துக்கு 17 அல்லது 18 இஞ்ச் பிரேம் பொருந்தும். கடையில் காலை இரண்டு பக்கமும் போட்டு பாருக்கு மேல் நில்லுங்கள். உடம்புக்கும் பாருக்கும் நடுவே ஒன்றிரண்டு அங்குலமாவது இடம் வேண்டும். பிறகு சீட்டில் உட்கார்ந்து குதிகாலை பெடலில் வைத்து அடிவரை இறக்குங்கள். கால் முழுதாக நீள வேண்டும். அப்படி வைத்த சீட்டில், பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும், அதுதான் சரியான உயரம். நம் ஊரில் பெரும்பாலானவர்கள் இரண்டு காலும் தரையில் படும்படி சீட்டை இறக்கி ஓட்டுகிறார்கள். முட்டிவலிக்கு முதல் காரணம் அது, கியர் இல்லாதது இல்லை. சீட் கம்பியை ஏற்றும்போது அதில் பொறித்திருக்கும் கோடு வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் பிரேம் சிறியது, அடுத்த அளவு கேளுங்கள்.

அடுத்தது பாகங்களைப் பூட்டும் வேலை. புது சைக்கிள் அட்டைப் பெட்டியில் முக்கால்வாசி பூட்டித்தான் கடைக்கு வரும். மீதியைக் கடைப் பையன் அரை மணியில் முடித்துத் தருவான். நீங்கள் பக்கத்தில் நின்று கேட்டு வாங்க வேண்டியவை இவை: முன் சக்கரம், பின் சக்கரம், ஹேண்டில் கப் மூன்றிலும் கிரீஸ் இருக்கிறதா என்று திறந்து பார்க்கச் சொல்லுங்கள், பல வண்டிகளில் காய்ந்து கிடக்கும். இடது பெடலுக்கு இடப்புரி, கையால் திருகி நாலைந்து சுற்று போன பிறகுதான் ஸ்பானர் போட வேண்டும். புரி மாறி ஏறினால் கிராங்கே (பெடல் மாட்டும் கை) வீண். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். அது மாறி மாறிக் குறைந்து கூடினால் அங்கேயே கோட்டம் எடுக்க, அதாவது சக்கரத்தை நேராக்க, சொல்லுங்கள். பிரேக் கட்டை ரிம்மில் மட்டும் பட வேண்டும். டயரில் பட்டால் ஒரே மாதத்தில் டயரின் பக்கவாட்டை அறுத்துவிடும். முதல் 150 கிலோமீட்டரில் புது போக்ஸ் கம்பிகள் தளர்ந்து கொடுக்கும், அப்போது ஒருமுறை கோட்டம் எடுத்து, கிராங்க் நட்டையும் முறுக்கிவிட்டால் அதன் பிறகு சக்கரம் நீண்ட நாள் நேராக நிற்கும். இதை விட்டவர்களுக்குத்தான் போக்ஸ் ஒவ்வொன்றாக அறும்.

விலை பேசும்போது ஒன்று. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. பில்லில் 5 என்று இருக்கிறதா பாருங்கள். மிச்சம் வரும் பணத்தில் மட்கார்டு, கேரியர், பூட்டு, லைட் நான்கையும் வாங்குங்கள். மட்கார்டு இல்லாத வண்டி மழைநாளில் முதுகு முழுக்கச் சேற்றுக் கோடு போடும், அதோடு ஆபீஸுக்குள் போக முடியாது. இரவு 8 மணிக்கு பின்னால் சிவப்பு லைட் கட்டாயம். முன் லைட்டை விட அதுதான் உயிரைக் காக்கும். சார்ஜ் போடும் வகை வாங்கினால் கழற்றி எடுத்துப் போய்விடலாம், வண்டியிலேயே விட்டால் இருக்காது.

சேர்வராயன்_அடி:

வெயிலைப் பத்தி ஒண்ணு. "வெயில்ல காத்து விரிஞ்சு டயர் வெடிக்கும், கம்மியா வைங்க"ன்னு சொல்லுவாங்க, கேட்காதீங்க. 30 டிகிரியில 50 பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) வச்ச டயர் 60 டிகிரி சூடானா 56-57 வரைக்கும்தான் ஏறும். பக்கவாட்டுல எழுதியிருக்கிற அதிகபட்சம் பெரும்பாலும் 65, அதுக்குள்ளதான் இருக்கு. காத்து கம்மியா இருந்தாத்தான் ஆபத்து. குழியோட விளிம்புல ரிம் ட்யூபை நசுக்கும், பக்கத்துல பக்கத்துல ரெண்டு ஓட்டை விழும். அப்படி ரெட்டை ஓட்டை பார்த்தீங்கன்னா முள் குத்தல, காத்து போதலன்னு அர்த்தம். 26×1.95 டயருக்கு உங்க எடையில பின்னாடி 50, முன்னாடி 40 வைங்க. வாரம் ஒருதடவை அடிங்க. ட்யூப் வாங்கறப்ப பைக் வால்வ் கேட்டு வாங்குங்க, பழைய ரப்பர் வால்ட்யூப் வச்ச வால்வுல அளவு காட்டாது.

ட்யூபோட உள்பக்கத்துல, அதாவது ரிம் பக்கத்துல ஓட்டை விழுந்தா, போக்ஸ் முனை குத்துதுன்னு அர்த்தம். ரிம் டேப் விலகியிருக்கும், இல்லன்னா போடவே மறந்திருப்பாங்க. பஞ்சர் எத்தனை ஒட்டினாலும் அது திரும்பத் திரும்ப வரும். அதேபோல கருவேல முள் குத்தினா ட்யூபை மட்டும் ஒட்டி மாட்டாதீங்க. டயருக்குள்ள பஞ்சுத்துணியைச் சுத்தி இழுத்தா முள் முனை எங்க மாட்டியிருக்குன்னு பஞ்சு காட்டிடும்.

செயினுக்கு கடையில இன்ஜின் பழைய ஆயிலை ஊத்துவாங்க. வேணாம்னு சொல்லுங்க. அதுல ஏற்கெனவே இரும்புத் தூள் இருக்கு, ரோட்டுப் புழுதியையும் சேர்த்து அரைக்கும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம். மண்ணெண்ணெய்ல துடைச்சுட்டு தையல் மெஷின் ஆயில் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு விட்டு, வெளியில இருக்கறதைத் துணியால சுத்தமா எடுத்துடுங்க. மெல்லிசு எண்ணெய்ங்கிறதால ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை போடணும், மழையில நனைஞ்சா அன்னைக்கே.

மல்லிகா_அஸ்தம்பட்டி:

வீட்டுல அக்கா, தங்கச்சி யாராவது அதே வண்டியை எடுப்பாங்கன்னா பார் இல்லாத, வளைஞ்ச பிரேம் பாருங்க. பாதி செயின் கார்டு போதாது, சுடிதார் பேன்ட்டும் வேட்டியும் கீழ்ப்பக்கத்துலதான் மாட்டும். முழு மூடி செயின் கவர் கேளுங்க, சிங்கிள் ஸ்பீடுக்குத்தான் அது மாட்ட முடியும். துப்பட்டாவுக்குப் பின் சக்கரத்துல வலை போடணும்.

லேப்டாப்பை கேரியர்ல ரப்பர் கயித்துல கட்டாதீங்க தம்பி. பின் சக்கரத்து அதிர்ச்சி முழுசும் அதுக்குத்தான் போகும். டிபனும் தண்ணியும் கேரியர்ல, லேப்டாப் மட்டும் முதுகுல.

தறிவீதி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ரெண்டாவது வண்டியே முடிவு பண்ணிட்டேன். ஒரே ஒரு சந்தேகம்: ஞாயித்துக்கிழமை இதே வண்டியில ஏற்காடு ஏற முடியுமா? அதுக்காக கியர் வண்டி எடுக்கணுமா?

சேர்வராயன்_அடி:

முடியாதுன்னே வச்சுக்குங்க. அடிவாரத்துல இருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம், 20 கொண்டை ஊசி வளைவு, ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம். சராசரி 5-6 சதவீத ஏத்தம். நீங்க, வண்டி, தண்ணி எல்லாம் 105 கிலோ. 20 பல் ப்ரீவீல் போட்டாலும், நிமிஷத்துக்கு 40 சுத்து மிதிச்சாலே மணிக்கு 11 கிலோமீட்டர் வேகம் வந்துடும், அதுக்கு 200 வாட் கிட்ட வேணும். பழக்கம் இல்லாத ஆளால ரெண்டு மணி நேரம் அதைத் தர முடியாது. முன்னாடி 42, பின்னாடி 28 இருக்கிற வண்டியில அதே 40 சுத்துக்கு ஏழரை கிலோமீட்டர் வேகம்தான், 140 வாட்டுல முடியும். ஆனா அதுக்காக தினசரி வண்டியை மாத்தாதீங்க, போக்ஸ்கம்பி சொன்ன ஆக்சில் பிரச்சினை அப்படியே வரும். அந்த ஒருநாளைக்கு தெரிஞ்சவங்க கியர் வண்டியைக் கேட்டு வாங்கிக்கலாம்.

ஏறறதைவிட இறங்கறதுதான் கவனிக்க வேண்டியது. பிரேக்கை விடாம அமுக்கிக்கிட்டே வந்தா ரிம் சூடாகி ட்யூப் வெடிக்கும். நேர் ரோட்டுல விட்டு, வளைவுக்கு முன்னாடி முன், பின் மாத்தி மாத்தி அழுத்தி வேகத்தைக் குறைச்சு, நாலைஞ்சு வளைவுக்கு ஒருதடவை நின்னு ரிம்மை ஆற விடணும். கிளம்பறதுக்கு முன்னாடி பிரேக் கட்டையில இருக்கிற பள்ளக் கோடு இன்னும் தெரியுதான்னு பாருங்க. கோடு மறைஞ்சிருந்தா கட்டையை மாத்தாம மலையில கால் வைக்காதீங்க.

போக்ஸ்கம்பி:

கடைசியா ஒண்ணு. சிங்கிள் ஸ்பீட் வண்டியோட பின் நட்டு பெரும்பாலும் 15 சைஸ். அந்த ஸ்பானர், ரெண்டு டயர் லீவர், ஒரு புது ட்யூப், கைப்பம்பு இதை சீட்டுக்கு அடியில பையில போட்டுக்குங்க. ட்யூபை மாத்திட்டு சக்கரத்தைப் பின்னாடி இழுத்து முறுக்கறப்ப, செயினை நடுவுல விரலால அமுக்கினா அரை அங்குலம் மேலயும் கீழயும் ஆடணும். இறுக்கிக் கட்டினா ப்ரீவீலும் பால்ரஸும் சீக்கிரம் போயிடும், தொங்கவிட்டா குழியில செயின் கழலும். வலது நட்டை முதல்ல பாதி முறுக்கி, சக்கரத்தை நடுவுல நிறுத்தி, அப்புறம் இடது, மறுபடி வலது.