பழைய அணிப் படங்கள் யார் வீட்டில் இருக்கின்றன?

பாம்பன் அண்ணன்மார், அக்காமார் அனைவருக்கும் வணக்கம். நம் ஊர்க் கால்பந்துக் குழுவின் வரலாற்றை இணையத்தில் சேர்த்துவைக்கும் வேலையை நான்கைந்து பேர் சம்பளமில்லாமல் செய்துவருகிறோம். 1985க்கு முந்தைய படங்கள்தான் கிடைக்கவே இல்லை. அந்த ஆண்டுதான் இராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. அதற்கு முன் சிவகங்கையும் விருதுநகரும் நம் மாவட்டம்தான். ஆகவே நம் ஆட்கள் நிற்கும் படம் காரைக்குடியிலோ சிவகாசியிலோ ஒரு வீட்டுச் சுவரில் தொங்கலாம். அங்கே சொந்தக்காரர்கள் இருந்தால் தயவுசெய்து கேட்டுப் பாருங்கள்.

உப்புக்காற்றின் ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் உரிக்கவே வேண்டாம். போன வாரம் ஒரு கோல்கீப்பரின் முகத்தை அப்படித்தான் இழந்தோம். இன்னும் மனம் ஆறவில்லை. சட்டத்தோடு கொடுங்கள், கண்ணாடி வழியாகவே படமெடுத்து அன்றே திருப்பித் தருகிறோம். சிறிய படங்களை 600 டிபிஐ அளவில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்கிறோம். நெகட்டிவ் இருந்தால் அதைவிட வேறென்ன வேண்டும்!

படத்தின் பின்பக்கம் எழுதிய பெயர்களும் எங்களுக்கு முக்கியம். அந்தக் காலத்தில் ஆடிய பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் சொல்லுங்கள், பெயர் தெரியாத படங்களை எடுத்துக்கொண்டு நாங்களே வருகிறோம்.