புதுப்பிப்பு: மூன்று மாடி வீட்டு ஏசி, ஒருவழியாக மாற்றியாயிற்று

மயிலாப்பூரில் இருக்கும் எங்கள் மூன்று மாடி வீட்டின் ஆறு பழைய ஸ்பிளிட் ஏசிகளைக் கழற்றிவிட்டு, மொத்த வீட்டுக்கும் ஒரே விஆர்எஃப் (வெளியே ஒரே யூனிட், அதிலிருந்து எல்லா அறைகளுக்கும் குளிர்ச்சி) போடலாமா, தனித்தனி இன்வெர்ட்டர் ஏசி போதுமா என்று கோடைக்கு முன் கேட்டிருந்தேன். தனித்தனியாகவே போட்டேன். மொட்டை மாடியில் ஒரு யூனிட் படுத்தால் வீடே வேர்த்துக் கிடக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னது மனதில் நின்றுவிட்டது.

வந்த மெக்கானிக் பழைய செம்புக் குழாயையே வைத்துக்கொள்ளலாம் என்றார். பழைய ஏசியில் இருந்த குளிரூட்டும் வாயு ஆர்22, புதியதில் ஆர்32. புதியதன் அழுத்தம் பழையதைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு; போதாததற்குக் குழாய்க்குள் பழைய எண்ணெய் வேறு. பிடிவாதமாக நின்று புதுக் குழாய் போடவைத்தேன். செலவு வலித்தது, சரி.

உண்மையான வில்லன், ஏசித் தண்ணீர் வெளியேறும் டிரெயின் குழாய். முதல் மாடியில் சுவருக்குள் போன குழாயில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினோம்; கொஞ்சம் யோசித்துவிட்டு அப்படியே திரும்பி வந்தது. சரிவு தலைகீழ்! பூஜையறைச் சுவர் வருடா வருடம் உப்புப் பூத்ததற்குக் காரணம் இதுதான். நாங்கள் பாவம், மழையைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

மேல்மாடிக்கு 2 டன் ஏசி வேண்டும் என்றார்கள். மொட்டை மாடித் தளத்தில் வெள்ளை ஓடு பதித்தபின் 1.5 டன்னே 26 டிகிரியில் தாராளமாகப் போதுகிறது.

அப்புறம், வீட்டுக்கு வரும் மூன்று ஃபேஸ் மின் இணைப்பில் ஆறு ஏசியும் ஒரே ஃபேஸில் இருந்தன. மூன்றுக்கும் பிரித்தாயிற்று. கரண்ட் பில் இன்னும் வரவில்லை.