கார்பன் அம்புக்குள் கனம் ஏற்றியதில் பட்டவை

தொண்டிக்காரன்:
45 பவுண்டு இழுவிசை மர ரீகர்வ் (நுனி வெளிப்பக்கம் வளைந்த வில்). கார்பன் அம்பின் தண்டு 29 அங்குலம், அங்குலத்துக்கு 6.5 கிரெய்ன் (ஒரு கிராமுக்குச் சுமார் 15.4 கிரெய்ன்). முனை 100. இன்சர்ட் (முனையைத் திருகத் தண்டின் வாயில் ஒட்டுகிற குழல்), நாக் (நாணைக் கவ்வுகிற வால்துண்டு), இறகு எல்லாம் சேர்த்து 321 கிரெய்ன், அதாவது வில்லின் ஒரு பவுண்டுக்கு 7.1. நாணை விட்டால் ‘டங்’ என்று கத்தும், கைப்பிடி அதிரும். லேசான அம்புக்குக் கனம் கூட்டக் கடல் மணலைச் சலித்துத் தண்டில் பாதிவரை போட்டு, நாக் பக்கம் பஞ்சடைத்தாச்சு. ஆறு அம்பில் ஒன்றைப் பத்து முறை விடும்வரை ஒன்றுமில்லை. பதினொன்றாவது முறை, பழைய வலை திணித்த சாக்கில் பட்டது. பிடுங்கினால் வெறும் தண்டு வருகிறது. வாய் வழியே மணல் பொலபொலவென்று கொட்டுகிறது. இன்சர்ட்டும் முனையும் சாக்குக்குள்ளேயே. பசை சரியில்லையா?

மண்டபம் வடகரை:
தம்பி, பசையைத் திட்டாதீங்க. பாதி நிரம்பிய மணல் ஓடும். நாண் தள்ளும்போது மணல் பின்னால் நாக் பக்கம் போகும். அம்பு பட்டு நிற்கும்போது அத்தனையும் முன்னால் பாய்ந்து இன்சர்ட் முதுகில் சுத்தியல் மாதிரி அடிக்கும். பத்து அடி தாங்கியதே பெரிசு. கடல் மணலில் உப்பு வேறு. ஈரம் இழுத்துக் கட்டி பிடிக்கும். ஒரு அம்பில் கட்டி நடுவில், இன்னொன்றில் நுனியில் நின்றால் ஆறு அம்பு ஆறு இடத்தில் போகும்.

தங்கூசி (தூண்டில் நைலான் இழை) போடுங்க. 2 மி.மீ. தங்கூசி ஒரு இழை, நாக், இன்சர்ட் இரண்டுக்கும் இடையில் 27½ அங்குலத்துக்கு ஏறத்தாழ 38 கிரெய்ன் வரும். புல் வெட்டும் மெஷினுக்குப் போடுகிற 2.4 மி.மீ. நைலான் என்றால் 55. சுருளில் இருந்த வளைவை நிமிர்த்த வேண்டாம். அந்த வளைவுதான் தண்டுச் சுவரை அழுத்திப் பிடித்து ஆட்டம் இல்லாமல் வைக்கும். உள்நீளத்தைவிட 3 மி.மீ. கூடுதலாக வெட்டணும். அதற்கு மேல் போனால் நாக் வெளியே பிதுங்கிவிடும். 2 மி.மீ.யில் இரண்டு இழை போட்டால் உங்களுக்கு 397. வேலை முடிந்தது.

கீழக்கரை:
முடியலை காக்கா. கனம் வந்திருச்சு, சமநிலை போயிருச்சு. தொண்டித் தம்பியின் அம்பு நாக் குழியிலிருந்து 17½ அங்குலத்தில் சமன்படுகிறது என்று வையுங்க. பாதி நீளம் 14½. வித்தியாசம் 3, அதை 29ஆல் வகுத்தால் முன்கனம் 10 சதவீதம். தங்கூசி தண்டு முழுக்கப் பரவிக் கிடப்பதால் சமநிலை 16.9க்குப் பின்வாங்கும், முன்கனம் 8க்கு இறங்கும். கச்சான் காற்று அடிக்கிற நாளில் வால் ஆடிக்கொண்டே போகும்.

முன்னால் ஏற்றணும். 15 கிரெய்ன் அலுமினிய இன்சர்ட்டுக்குப் பதில் 100 கிரெய்ன் பித்தளை போட்டால் மொத்தம் 406, முன்கனம் 18. (கிரெய்ன் கணக்கு குழப்பினால், நகைக்கடைத் தராசு போதும். ஒரு பவுன் 8 கிராம், 123½ கிரெய்ன். 125 முனை என்பது கிட்டத்தட்ட ஒரு பவுன்.)

ஆனால் அதே பித்தளை ஸ்பைனை, அதாவது தண்டின் விறைப்பை, தளர்த்தும். முன்னால் கனம் ஏற ஏற, நாண் தள்ளும்போது தண்டு கூடுதலாக வளையும். ஸ்பைன் எண் 600 உள்ள தண்டில் இதைப் போட்டு, இறகில்லாத அம்பைப் பத்து மீட்டரில் விட்டால் இறகுள்ள அம்புகளுக்கு வலப்பக்கம் ஒரு சாண் தள்ளி, வால் இடப்பக்கம் சாய்ந்து குத்தி நிற்கும். அந்தச் சாய்வை ஒருமுறை பார்த்தால் மறக்காது. வலம் என்றால் தளர்வு, இடம் என்றால் விறைப்பு.

சேதுக்கரை:
வலம், இடம் என்று பொதுவாகச் சொல்லாதீங்க. அது மூன்று விரலால் இழுத்து, அம்பை வில்லுக்கு இடப்பக்கம் வைக்கிற வலக்கைக்காரருக்கு. கட்டைவிரல் மோதிரம் போட்டு இழுப்பவருக்கு அம்பு வலப்பக்கம் இருக்கும்; எல்லாம் தலைகீழ். இதைக் கவனிக்காமல் விறைப்பான தண்டைத் தளர்வென்று நினைத்து வெட்டி வெட்டி, ஒரு கட்டு அம்பை இன்னும் விறைப்பாக்கிக் கெடுத்ததுதான் மிச்சம்.

முன்கனம் நம் ஊருக்குப் புதுசா என்ன? வீசுகிற வளரியைக் கையில் எடுத்துப் பாருங்க, ஒரு முனை கனமாக இருக்கும்.

ஏர்வாடி:
இரண்டு பேர் சொல்வதும் பாதிதான். ஒரே இழை தங்கூசி 38, முனையை 100லிருந்து 145 ஆக்குங்க. மொத்தம் 404, பவுண்டுக்கு 9. சமநிலை 18½ அங்குலம், முன்கனம் 14 சதவீதம். ஸ்பைனும் பித்தளை அளவுக்குத் தளராது.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். முதலிலேயே எபாக்ஸி போட்டு ஒட்டாதீங்க. குறைந்த சூட்டில் உருகும் ஹாட்மெல்ட் பசையில் இன்சர்ட்டை வைத்து, இறகில்லாமல் விட்டுப் பாருங்க. தளர்வு தெரிந்தால் முன்பக்கம் கால் அங்குலம், கால் அங்குலமாகக் குறையுங்க. கழற்ற அடுப்புத் தீயில் காட்டக் கூடாது. கார்பனைக் கட்டியிருக்கிற பிசின் கெட்டுவிடும். நுனியை மட்டும் கொதிநீரில் முக்கி, முனையைக் குறடால் இழுத்தால் வந்துவிடும். வெட்டுவது வேகமாகச் சுழலும் தேய்ப்புத் தட்டால் மட்டும். பைப் கட்டர் நாரை நசுக்கிப் பிளந்துவிடும். தூள் நுரையீரலுக்கு ஆகாது, முகக்கவசம் போடுங்க.

அளவு சரியான பிறகு, உட்சுவரை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் தூள் போகத் துடைத்து, எபாக்ஸி பூசி இன்சர்ட்டைத் திருகிக்கொண்டே நுழைக்கணும். 24 மணி நேரம் தொடக் கூடாது. சட்டென்று ஒட்டுகிற சொட்டுப் பசை அதிர்ச்சியில் நொறுங்கும். பித்தளை என்றால் நம் உப்புக்காற்றில் களிம்பு ஏறும், துடைத்துவிட்டு ஒட்டுங்க.

மணல் கொட்டிய அந்த அம்பைத் திரும்ப எடுக்காதீங்க தம்பி. வாய்ப்பக்கம் பிளந்திருக்கும். இரு முனையையும் பிடித்து லேசாக வளைத்து, சுற்றிச் சுற்றி, காதருகே வையுங்க. ‘சிறுக்’ என்று கேட்டால் ஒடித்துப் போட்டுவிடுங்க. விடும்போது தெறித்தால் சிலும்பு வில் பிடித்த கைக்குள் ஏறும்.

தொண்டிக்காரன்:
‘சிறுக்’ கேட்டது. ஒடித்தாச்சு. மற்ற ஐந்தில் 145 முனை, ஒரு இழை தங்கூசி. தராசில் 402 முதல் 406 வரை. நாண் இப்போது ‘டங்’ இல்லை, ‘தும்’. ஒரு அம்பு மட்டும் குலுக்கினால் கலகலக்கிறது அண்ணே.

மண்டபம் வடகரை:
இழை குட்டை. நாக் துண்டைக் கழற்றி, புதுசா ஒன்று வெட்டிப் போடுங்க.