ஒசரி மன்னன் கெர்வல்: வல்லவனா, ஏட்டில் ஊதப்பட்டவனா?

சுவடியன்:
அயர்லாந்தில் லென்ஸ்டருக்கும் மன்ஸ்டருக்கும் நடுவில், நோர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருந்த குறுநாடு ஒசரி. 842 முதல் 888 வரை அதை ஆண்ட டூன்லங் மகன் கெர்வலை வெறும் சந்தர்ப்பவாதி என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. இரு பெருநாடுகளுக்கும் இடையிலான படைவழி, கௌரன் கணவாய், அவன் எல்லைக்குள் இருந்தது. வைக்கிங்குகள் உள்நாட்டுக்குள் வர நோரும் பாரோவும் வசதியான ஆறுகள். இந்த இடத்தில் 46 ஆண்டு தாக்குப்பிடித்தது சாதாரணமா? ஆண்டுவாரியாக நிகழ்வுகளைக் குறித்த பழைய ஐரிஷ் ஏடுகளில் ஒன்றான 'துண்டு ஆண்டேடுகளை'ப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் அவன் வெற்றிகள்தான்.

நெல்லிமரம்:
சிக்கலே அந்த ஏடுதான். 1643இல் டுவால்டாக் மாக் ஃபிர்பிஸ் எடுத்த படி, அதைப் பார்த்து எழுதிய இன்னொரு படி. இன்று பிரஸ்ஸல்ஸில் இருப்பது அந்த இரண்டாவது படி மட்டுமே. கெர்வல் கதைகள் 11ஆம் நூற்றாண்டுச் சரக்கு என்பதே ஆய்வாளர்கள் பலரின் முடிவு. அப்போது ஒசரியை ஆண்ட டொன்னகா, கெர்வலின் வழிவந்தவன். 1033இல் லென்ஸ்டர் அரியணையையும் பிடித்தவன். முன்னோனைத் தூக்கி நிறுத்த வேண்டிய தேவை அவனுக்கு இருந்தது. அந்த ஏட்டை மூடிவைத்துவிட்டு இன்னொரு ஐரிஷ் ஏடான அல்ஸ்டர் ஆண்டேட்டை மட்டும் வைத்துப் பேசுங்கள்.

சுவடியன்:
பேசுவோம். 859ஆம் ஆண்டுப் பதிவு. ஓலாஃப், ஈவர் என்ற வைக்கிங் தலைவர்களோடு சேர்ந்து கெர்வல் மீத் நாட்டுக்குள் படையெடுக்கிறான். அது தாரா மன்னன், அதாவது அயர்லாந்தின் பெருமன்னன், மாயில் செக்நாலின் சொந்த மண். அதே ஆண்டு ரஹ்யூவில் கூடிய அரசர் அவையில் ஒசரி மன்ஸ்டரிலிருந்து பிரிந்து, தாரா மன்னனுக்குக் கீழிருந்த அயர்லாந்தின் வடபாதியோடு சேர்கிறது. மன்ஸ்டர் மன்னன் மாயில் குவாலாவே அதற்குப் பிணை நிற்கிறான். பெருமன்னனின் நாட்டையே அடித்த பிறகும் கெர்வலின் முடி பறிபோகவில்லையே!

நெல்லிமரம்:
பதிவை முழுக்கப் படியுங்கள். அவையில் கெர்வல் செய்தது, புனித பாட்ரிக்கின் வாரிசான அர்மா மடத்தலைவர் கேட்டதைக் கொடுத்தது. அது பணிவு. முந்தைய ஆண்டே மாயில் செக்நால் மன்ஸ்டரில் பணயக் கைதிகளை எடுத்துவிட்டான். மாயில் குவாலா வேறு வழியில்லாமல்தான் பிணை நின்றான். ஆதாயம் தாரா மன்னனுக்கு. கெர்வலுக்கு மாறியது மேலாண்டவன் மட்டுமே.

கல்வெட்டுப்பிரியை:
இடையில் ஒன்று. ஆண்டுக் கணக்கில் பலர் சறுக்குவது இங்கேதான். அல்ஸ்டர் ஆண்டேட்டின் சுவடியில் இந்தக் காலத்து ஆண்டுகள் உண்மையைவிட ஒன்று குறைவாக இருக்கும். அச்சுப் பதிப்பில் திருத்திப் போட்டிருப்பார்கள். 17ஆம் நூற்றாண்டில் தொகுத்த நால்வர் ஆண்டேடு இதே அவையை 857இல் வைக்கிறது. இரண்டையும் திருத்தாமல் அடுக்கினால் ஒரே அவை இரண்டாகிவிடும். போர்களும் அப்படியே இரட்டிக்கும். கெர்வல் வெற்றிகளை எண்ணுமுன் இதைச் சரிபார்த்தே ஆகவேண்டும்.

அப்புறம், உறவை இருவருமே விட்டுவிட்டீர்கள். கெர்வலின் தங்கையோ அக்காவோ, லான், மாயில் செக்நாலின் மனைவி. அவள் மகன்தான் 879இல் தாரா மன்னனான ஃப்ளான் சின்னா.

சுவடியன்:
அதைத்தான் சொல்ல வருகிறேன். ஒரு தாரா மன்னனுக்கு மைத்துனன், பின்னாளில் தாரா மன்னனான இன்னொருவனுக்குத் தாய்மாமன். நெல்லிமரம் சொல்வது போல மேலாண்டவன் மட்டும்தான் மாறினான் என்றால், இந்தப் பிடிமானம் எந்தக் கணக்கில் சேரும்? ஐஸ்லாந்தின் குடியேற்ற நூலில்கூட 'க்யார்வல்' என்று அவன் பேர் வருகிறது. அங்கே குடியேறிய பல குடும்பங்கள் அவன் வழி என்று சொல்லிக்கொண்டன.

நெல்லிமரம்:
அந்த நூல் அவனை டப்ளினின் மன்னன் என்கிறது. ஐரிஷ் ஏடுகளில் அதற்கு ஆதாரம் இல்லை. அதைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள். உறவுக்கு வருகிறேன். 908, பெலாக் முனா போர். கெர்வலின் மகனும் ஒசரி மன்னனுமான கெல்லாக், மன்ஸ்டர் மன்னன் கோர்மக்கோடு நின்று ஃப்ளான் சின்னாவின் படைக்கு எதிராகச் செத்தான். ஃப்ளானுக்கு அவன் தாய்மாமன் மகன்! 859 ஏற்பாடு 50 ஆண்டுகூடத் தாங்கவில்லை.

சுவடியன்:
கெர்வல் இறந்து 20 ஆண்டு கழித்து நடந்தது அது. அவன் உயிரோடு இருந்த காலத்தில் ஒசரி மறுபடி மன்ஸ்டருக்குக் கீழே போனதாக அல்ஸ்டர் ஏட்டில் ஒரு வரி காட்டுங்கள், தொடர்வோம்.