புதுப்பிப்பு: எங்கள் தெருவுக்கு ஃபைபர் இன்டர்நெட் ஏன் வரவில்லை

மூன்று வாரம் முன்பு புலம்பியிருந்தேன்: பக்கத்துத் தெருவில் ஃபைபரில் இன்டர்நெட் வேகம் 200 Mbps, எங்கள் வீட்டில் பழைய செம்புக் கம்பியில் 6. கேட்டால், "உங்க ஏரியாவுல இல்ல சார்" என்று ஒரே பதில்.

நேற்று லைன்மேன் அண்ணன் வந்தார். முனைக் கம்பத்தில் ஏணியைச் சாய்த்து, சாம்பல் நிறப் பெட்டியைத் திறந்து காட்டினார். எட்டுத் துளை, எட்டிலும் வயர். "ஹவுஸ்ஃபுல்" என்று சிரித்தார். ஒரே கண்ணாடி இழையை ஸ்பிளிட்டர் வைத்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிப்பார்களாம்; அதில் இந்தப் பெட்டியின் பங்கு எட்டு. அந்தக் கணக்கு முடிந்துவிட்டால் புது இழை இழுக்க வேண்டும். எங்கள் ஆறு வீட்டுக்காக யார் இழுப்பார்கள்?

அப்போது மோடத்தை மாற்றச் சொன்னவர்களுக்கு: மாற்றினேன், 1,800 ரூபாய் தண்டம். செம்புக் கம்பி கிளம்பும் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. செம்பில் தூரம் கூடக் கூட சிக்னல் தேயும், மோடம் பாவம் என்ன செய்யும்?

அப்புறம் ஒரு நல்ல சேதி. முனை வீட்டு அத்தை மகனோடு சென்னைக்குப் போகிறார், இணைப்பை ஒப்படைக்கிறார். காலியாகும் அந்தத் துளைக்கு என் பெயரை அண்ணன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போயிருக்கிறார். கை கழுவாமல் இருந்தால் சரி.